வேளாவும் உழுவையும் எங்கே? நெல்லைக் கடலின் அரிய சுறா, திருக்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரையின் முக்கிய ஊர்கள் இவை. 1986இல் தனி மாவட்டமாகப் பிரிந்த தூத்துக்குடிப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் மணப்பாடு, திருச்செந்தூர், புன்னைக்காயல் என்று கரை நீளும். மீனுக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதால் இங்கே பழைய நெல்லைச் சீமைக் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். கீழே உள்ளவை மீன் வாங்குகிறவர்களும், விலங்கியல் படிக்கிற பிள்ளைகளும், வள்ளம் வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்.

சுறாவும் திருக்கையும் சொந்தக்காரர்களா?

நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் எலும்பு கிடையாது. உடல் முழுவதும் குருத்தெலும்புதான். மற்ற மீன்களுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கும், அதனால் மிதக்கும். இவற்றுக்கு அது இல்லை. சுறா மூழ்காமல் இருக்க அதன் பெரிய ஈரலில் இருக்கும் எண்ணெய் உதவுகிறது. தோலைத் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அதில் இருப்பவை பல்லின் அமைப்பைக் கொண்ட நுண்ணிய செதில்கள்.

பிரித்துச் சொல்ல ஒரே ஒரு அடையாளம் போதும். செவுள் பிளவுகள் தலையின் இரு பக்கமும் இருந்தால் சுறா. தலைக்கு அடியில், வாய்ப் பக்கமாக இருந்தால் திருக்கை. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஏலக்களத்தில் நின்றால் சில ஆச்சரியங்கள் கிடைக்கும். உழுவை பார்க்கச் சுறா மாதிரி இருக்கும். புரட்டிப் பார்த்தால் திருக்கை. ரம்பம் போன்ற மூக்கு நீண்டிருக்கும் வேளாவும் திருக்கை இனத்தைச் சேர்ந்ததுதான்.

இந்தக் கடலில் அரிய இனங்கள் என்று எவற்றைச் சொல்வது?

முதலில் வேளா. உலகத்தில் மொத்தமே ஐந்து இனம். அவற்றில் கூர்மூக்கு வேளா, பெரும்பல் வேளா, பச்சை வேளா என்று குறைந்தது மூன்று இனங்கள் இந்தியக் கடலில் இருந்தவை. பெரிய வேளா 6 மீட்டருக்கு மேல் வளரும், ஒரு வள்ளத்தின் நீளம் இருக்கும். இன்று ஒரு வேளா வலையில் வந்தால் அது செய்தி.

அடுத்தது உழுவைகள். உழுவை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பல இனங்கள் அடங்கும். அவற்றில் ஆள் உயரத்துக்கும் மேலே வளரும் பெரிய உழுவைகள்தான் ஆபத்தில் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் ஏறக்குறைய எல்லா இனங்களையும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐ.யூ.சி.என். மிகவும் அருகிவிட்டவை என்று 2019இல் அறிவித்தது. புலிக்கும் நம் ஆசிய யானைக்கும் கூட இந்தப் படிநிலை இல்லை, அவை ஒரு படி கீழே 'அருகியவை' என்ற வரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் புலிக்குக் கிடைக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்கு உழுவைக்குக் கிடைத்ததில்லை.

கொம்பன் சுறா, அதாவது சுத்தியல் தலைச் சுறா, இன்னும் வருகிறது. ஆனால் வருபவை பெரும்பாலும் குட்டிகள். மாண்டா எனப்படும் கொம்புத் திருக்கை, முதுகெல்லாம் முள் நிறைந்த முள்ளுத் திருக்கை, திமிங்கலச் சுறா ஆகியவையும் இந்த வரிசையில் உண்டு. கடைசியாகப் புதுச்சேரிச் சுறா. அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

சாளையையும்தான் டன் கணக்கில் பிடிக்கிறோம். அது ஒழியவில்லையே, இவை மட்டும் ஏன் குறைகின்றன?

எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி இது, கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

சாளை ஓராண்டுக்குள் பருவத்துக்கு வந்து பல்லாயிரம் முட்டை இடும். ஒரு வருடம் மோசமானாலும் அடுத்த நல்ல வருடத்தில் கூட்டம் திரும்பிவிடும். சுறாவும் திருக்கையும் அப்படி அல்ல. ஆணும் பெண்ணும் கூடி, கரு உடலுக்குள்ளேயே உருவாகும். ஆண் சுறாவின் அடிப்பக்கத் துடுப்பில் இரண்டு நீண்ட உறுப்புகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அவை இதற்குத்தான். சில சிறிய சுறாக்கள் தோல் பை போன்ற உறையில் முட்டை இடும். உள்ளே இருக்கும் குஞ்சு வெளிவரச் சில மாதங்கள் ஆகும். நண்டு வலையிலும் திருக்கை வலையிலும் சிக்கும் கோடு போட்ட சின்னச் சுறாக்கள் இந்த வகை.

மற்றவை பெரும்பாலும் குட்டி போடுகின்றன. கொம்பன் சுறாவின் வயிற்றில் குட்டிக்கும் தாய்க்கும் நடுவே நஞ்சுக்கொடியே உண்டு. பல திருக்கைகளில் கருப்பையின் சுவரே பால் போன்ற ஒரு சத்து நீரைச் சுரந்து குட்டிக்கு ஊட்டும். இதையெல்லாம் முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைகள் மீனா இது என்று கேட்பார்கள். மீன்தான், ஆனால் பிள்ளை பெறுகிற முறையில் நமக்கு நெருக்கம்.

நமக்கு நெருக்கம் என்பதுதான் சிக்கலும். ஒரு வகைக் கொம்பன் சுறா பருவத்துக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். கரு வளர ஓராண்டுக்குப் பக்கம் பிடிக்கும், போடுவது பன்னிரண்டிலிருந்து நாற்பது குட்டி. வேளா ஒரு ஈற்றில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுக்குள். பெரிய கொம்புத் திருக்கை இன்னும் மோசம்: இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே ஒரு குட்டி. திமிங்கலச் சுறா மட்டும் விதிவிலக்கு போலத் தெரியும். 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு தாயின் வயிற்றில் ஏறக்குறைய 300 கருக்கள், வெவ்வேறு வளர்ச்சியில் இருந்தன. ஆனால் அந்தத் தாய் அந்த வயதுக்கு வர இருபது, முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு பெரிய பெண் உழுவை கரைக்கு வந்தால் ஒரு மீன் போனது என்று கணக்கு வைக்க முடியாது. அதன் ஈடு வளர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்த ஈடும் வலையில் சிக்காமல் இருக்க வேண்டும். 2021இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீட்டில் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. அதே ஆண்டு இன்னோர் ஆய்வு, நடுக்கடலில் திரியும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு 71 சதவீதம் சரிந்துவிட்டது என்றது. இரண்டிலும் காரணம் ஒன்றுதான்: அளவுக்கு மிஞ்சிய பிடிப்பு. கடல் வெப்பம், மாசு எல்லாம் உண்டு, ஆனால் அவை பின்னால் வருபவை.

வேளாவுக்கு அந்த ரம்பம் எதற்கு?

வேட்டைக்கு. சுறா, திருக்கைகளுக்கு மூக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் கூழ் நிறைந்திருக்கும். மற்ற உயிர்களின் தசை அசையும்போது எழும் மிகச் சிறிய மின் அலையை அவற்றால் உணரலாம். வேளாவின் ரம்பம் முழுக்க இந்தத் துளைகள்தான். கலங்கிய தண்ணீரில், கண் தெரியாத இடத்தில், மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் இரையை அதை வைத்தே கண்டுபிடிக்கும். மீன் கூட்டத்தில் பக்கவாட்டில் வீசி அடித்து வீழ்த்தும்.

ரம்பத்தில் இருப்பவை வாய்ப் பற்கள் அல்ல, செதில் பெரிதாகி உருவானவை. குட்டி பிறக்கும்போது ரம்பத்தின் மேல் மெல்லிய உறை போர்த்தியிருக்கும், தாய்க்குக் காயம் படாது. பிறந்த கொஞ்ச நாளில் உறை கழன்றுவிடும். இவ்வளவு நுட்பமான கருவி நைலான் வலைக்கு முன்னால் சாபமாகிவிட்டது. எந்தக் கண்ணி அளவாக இருந்தாலும் ரம்பம் சிக்கும், சிக்கினால் தானாக விடுபடாது. கரையோரச் சேற்றுத் தரையும் முகத்துவாரமும் அதன் வாழிடம். வலை அதிகம் விழும் இடமும் அதுதான்.

தாத்தா காலத்து வேளாக் கொம்பு (அந்த ரம்பம்) ஒன்று வீட்டில் இருக்கிறது. வைத்திருக்கலாமா, விற்கலாமா?

விற்கக் கூடாது, பரிசாகக் கொடுக்கவும் கூடாது. 2001இலேயே வேளா இனங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணைக்குள், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் பட்டியலுக்குள், வந்துவிட்டன. உடல் பாகம் எதையும் உரிய சான்று இல்லாமல் வைத்திருப்பதே பிரச்சினை. வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிப்பதுதான் வழி. ஆற்றிலோ குப்பையிலோ வீசிவிடாதீர்கள்.

வீச வேண்டாம் என்பதற்குக் காரணம் சட்டம் மட்டுமில்லை. அந்தக் கொம்பு ஒரு சாட்சி. ஒரு பக்கத்துப் பற்களை எண்ணினாலே இனம் தெரிந்துவிடும். 14 முதல் 24 வரை, ஏறக்குறைய சம இடைவெளியில் இருந்தால் பெரும்பல் வேளா. அதைவிடக் கூடுதலாக இருந்து, நுனியை நோக்கிப் போகப் போக நெருக்கமானால் பச்சை வேளா. முகத்தை ஒட்டிய கால் பகுதியில் பல்லே இல்லையென்றால் கூர்மூக்கு வேளா. எந்த ஊர்க் கடலில், ஏறத்தாழ எந்த வருடம் பிடித்தது என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் இன்னும் நல்லது. இந்தக் கரையில் எந்த வேளா எப்போது வரைக்கும் இருந்தது என்று அறிய இதுபோன்ற பழைய கொம்புகளை விட்டால் வேறு பதிவு குறைவு.

கொம்பை மதித்து வைக்கும் பழக்கம் நேற்று வந்ததில்லை. பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்த வரியில் வருவது வேளாவின் ரம்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நட்டு வைக்கிற மாதிரி கொம்பு வேறு எந்தச் சுறாவுக்கு இருக்கிறது?

முத்துக்குளிக்கும் காலத்தில் மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்டினார்களாமே?

கட்டினார்களோ இல்லையோ, அதற்குக் கூலி வாங்கினார்கள் என்பது வரலாறு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்போரைப் பெரிய மீன்கள் தீண்டாமல் மந்திரம் போடுகிறவர்களுக்குக் கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு போகும் என்று எழுதியிருக்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டும். இராத்திரி அவிழ்த்துவிடுவார்கள், அப்போதுதான் திருட்டுத்தனமாக யாரும் குளிக்கப் பயப்படுவார்கள். நல்ல தொழில் மூளை! வெள்ளைக்காரன் காலத்திலும் கடல்கட்டி என்ற பெயரில் இந்த ஆட்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. கடல்கட்டி வராமல் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள்.

நூற்றுக்கணக்கான வள்ளங்களும் குளியாட்களும் ஒரே பாரில் (முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டில்) கூடிச் சத்தம் போட்டால் சுறா தானே விலகிப் போகும் என்று அன்றைக்கே சிலர் சொன்னார்கள். அதுவே எனக்கும் சரியாகப் படுகிறது. தூத்துக்குடியில் 1961இல் முத்துக்குளிப்பு நின்றது, கடல்கட்டியின் வேலையும் அதோடு போயிற்று.

அப்படியானால் உவரியிலோ திருச்செந்தூரிலோ குளித்தால் சுறா கடிக்காதா?

பயப்பட வேண்டாம். நம் கரையில் குளிப்பவர்களுக்கு ஆபத்து அலையும் இழுப்பும்தான்.

திருக்கை முள் குத்தினால்?

வால் முள்ளில் விஷம் உண்டு, வலி உயிர் போகும். பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் (கொதிநீர் அல்ல) காயம் பட்ட காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை மூழ்க வைத்தால் வலி குறையும். முள் ஒடிந்து ஆழமாக உள்ளே நின்றால், அதுவும் நெஞ்சிலோ வயிற்றிலோ என்றால், பிடுங்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லேசான காயத்துக்கும் டெட்டனஸ் ஊசி அவசியம்.

ஒன்று கவனிக்க வேண்டும்: திருக்கை வால் என்றாலே நம் ஊரில் சாட்டைதான் நினைவுக்கு வரும். பண்ணையாரும் போலீசும் அதை வைத்து அடித்த கதைகள் பழைய ஆட்களிடம் நிறைய உண்டு. அந்த வாலுக்குச் சொந்தக்கார மீன் தானாக யாரையும் தேடி வந்து குத்துவதில்லை. மிதிபடும்போதும் வலையில் மாட்டும்போதும் தற்காப்புக்காகத்தான் குத்தும்.

சுறாவில் மூத்திர வாடை வருகிறதே, கெட்டுப்போன மீனா?

கடல் தண்ணீரின் உப்பைத் தாக்குப் பிடிக்கச் சுறாவும் திருக்கையும் இரத்தத்தில் யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கும். செத்த பிறகு நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றும். வாடை லேசாக இருந்தால் ஐஸ் போடத் தாமதம் ஆகியிருக்கிறது. கண் எரிகிற மாதிரி அடித்தால் வாங்காதீர்கள். பிடித்ததும் இரத்தத்தை வடித்து ஐஸில் வைத்த மீனில் வாடை தெரியாது. சுறாப் புட்டுக்கு முதலில் அவித்துத் தண்ணீரைப் பிழிந்து கொட்டுகிறார்களே, அது இந்த வேதியியலுக்கு நம் பெண்கள் கண்ட விடை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுப்பது நல்லதா? அரிய இனத்தைத் தின்றுவிடுகிறோமா?

இரண்டு கேள்வி, இரண்டு பதில்.

பால்சுறா சிறிய இனம். விரைவில் பருவத்துக்கு வரும். சுறாக்களுக்குள் அடியைத் தாங்கக் கூடியது அதுதான், ஆனாலும் அதுவும் உலக அளவில் குறைந்து வருகிறது. பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும் பட்டியலில் அது இல்லை. சாப்பிடுவது குற்றமில்லை. ஆனால் சந்தையில் 'பால்சுறா' என்று சொல்லி விற்கும் சிறிய சுறா எல்லாம் பால்சுறா அல்ல. பெரிய இனங்களின் குட்டிகளும் அந்தக் கூறில் கிடக்கும். தலை இரு பக்கமும் நீண்டிருந்தால் அது கொம்பன் குட்டி, அதை வாங்காமல் விடலாம். கேட்பார் இல்லையென்றால் ஏலமும் இறங்கும்.

உடம்புக்கு? கடலில் சிறிய மீனைப் பெரியது தின்னத் தின்ன, பாதரசம் மேலே மேலே சேரும். உச்சியில் இருப்பது பெரிய சுறா. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பெரிய சுறா இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். அத்தை வைத்த பக்குவத்தைக் குறை சொல்லவில்லை. அத்தை காலத்துப் பக்குவம் கையகலச் சுறாவுக்கு உரியது. இன்று துண்டு போட்டு விற்கும் பெரிய சுறாவுக்கு அதைப் பொருத்த முடியாது.

சட்டம் என்னதான் சொல்கிறது?

2001 மே மாதம் திமிங்கலச் சுறாவுக்குப் பாதுகாப்பு வந்தது. இந்தியாவில் மீன் ஒன்றுக்கு முதன்முதலாகக் கிடைத்த முதல் அட்டவணை இடம் அது. அதே ஆண்டு ஜூலையில் எல்லாச் சுறா, திருக்கைகளையும் தடை செய்தார்கள். கடற்கரை முழுக்க எதிர்ப்பு. டிசம்பரில் தடையைப் பத்து இனங்களுக்குச் சுருக்கினார்கள். வேளாக்கள், புதுச்சேரிச் சுறா, முள்ளுத் திருக்கை, ஒரு வகைப் பெரிய உழுவை ஆகியவை அந்தப் பத்தில் உண்டு. 2013இல் துடுப்பை மட்டும் அறுத்து உடலைக் கடலில் வீசக் கூடாது, மீன் முழுதாகக் கரைக்கு வர வேண்டும் என்ற விதி வந்தது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கே தடை. 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சுறா, திருக்கைகளின் பட்டியல் நீண்டது, அரிய உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் உள்ள இனங்களுக்குத் தனி அட்டவணையும் சேர்ந்தது. முதல் அட்டவணை உயிரைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

2001 பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் எழுதியிருந்த பெரிய உழுவை இனம், பிற்கால ஆய்வின்படி ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு உரியது. நம் கடலில் இருந்தவை அதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள். காகிதத்தில் காவல் ஒருவருக்கு, வலையில் மாட்டியது இன்னொருவர். இந்த மாதிரிக் குழப்பம் இருக்கும் வரை கரையில் நிற்கும் மீனவரைச் சட்டம் தெரியாதவர் என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

ஏலக்களத்தில் பெரிய உழுவையை எப்படி அடையாளம் காண்பது?

முதுகுத் துடுப்பைப் பாருங்கள். முதல் முதுகுத் துடுப்பு, அடியில் இருக்கும் இடுப்புத் துடுப்புக்கு நேர் மேலே நிமிர்ந்து நின்று, வாலின் கீழ் மடலும் சுறா வால் போலத் தெளிவாக இருந்தால் அது பெரிய உழுவைக் குடும்பம். முதுகுத் துடுப்புகள் இரண்டுமே வால் பக்கமாகத் தள்ளியிருந்து, வாலுக்குக் கீழ் மடல் இல்லையென்றால் மற்ற உழுவைகள். அவற்றிலும் பெரிதாக வளர்பவை ஆபத்தில் இருப்பவைதான். தலை வட்டமாக, கண்ணுக்கு மேலும் முதுகிலும் முள் வரிசையோடு இருந்தால் அது இன்னும் அரிது, தயங்காமல் படம் எடுங்கள்.

இந்தத் துடுப்புகளுக்குத்தான் வெளிநாட்டில் சூப்புக்கு மிக உயர்ந்த விலை. இறைச்சிக்காக மட்டும் பிடித்த காலத்தில் இந்த அளவு வேட்டை இருந்ததில்லை.

அரிய மீன் உயிரோடு வலையில் மாட்டினால் என்ன செய்ய வேண்டும்?

முடிந்தவரை தண்ணீருக்குள்ளேயே வைத்து வலையை அறுத்துவிடுங்கள். கொக்கியால் குத்தி இழுக்க வேண்டாம். திருக்கையைச் செவுளிலோ, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளையிலோ, வாலிலோ பிடித்துத் தூக்கக் கூடாது. படகில் ஏறிவிட்டால் வெயில் படாமல் ஈரச் சாக்கு போர்த்தி, செவுள் மேல் கடல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சீக்கிரம் இறக்கிவிட வேண்டும். வேளாவின் பக்கவாட்டில் யாரும் நிற்காதீர்கள், ரம்பத்தைச் சுற்றிய வலையை நுனியிலிருந்து அறுங்கள். ரம்பத்தை ஒடித்து விடுதலை செய்வது விடுதலை ஆகாது. அது இல்லாமல் மீன் பட்டினியில் சாகும்.

திருக்கையும் உழுவையும் பிடிபட்ட அதிர்ச்சியில் வயிற்றுக் குட்டியைக் கலைத்துப் போட்டுவிடும். முழுமையாக வளர்ந்த குட்டி என்றால் பிழைக்கலாம், கடலில் விடுங்கள். தாயை அவசரமாக விட்டுவிட்டால் அடுத்த ஈற்றாவது மிஞ்சும்.

எல்லாம் பிழைக்காது. தரையில் கிடக்கும் இனங்கள் வாயாலோ கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளையாலோ தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பும். வலையில் மாட்டிக் கிடந்தாலும் சில மணி நேரம் தாங்கும். கொம்பன் சுறா நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு விடும். வலை தூக்கும்போதே பெரும்பாலும் செத்திருக்கும். அதற்கு அறுத்து விடுவது பலிக்காது. குட்டிகள் கூடும் கரையோர இடங்களில் அந்தந்தக் காலத்தில் வலை போடாமல் விடுவது ஒன்றே வழி, அது எந்த இடம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆயிரங்கால் தூண்டிலில் (வரிசையாகப் பல முள் கட்டிய நீளத் தூண்டில்) எஃகுக் கம்பிக்குப் பதில் நைலான் கட்டினால் சுறா கடித்துக்கொண்டு போய்விடும். தூண்டில் முள் ஒன்று நட்டம், அவ்வளவுதான்.

வலையை அறுத்தால் நட்டம் யார் கொடுப்பது?

நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் பாதுகாப்பு பேசுவது வீண். குஜராத்தில் வழி கண்டார்கள். திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காக, மரப் படகுக்குப் பூச, வேட்டையாடிய கரை அது. 2004இல் தொடங்கிய விழிப்புணர்வு இயக்கத்தில், ஊரில் செல்வாக்குள்ள சமய உரையாளர் ஒருவர் அந்த மீனைத் தாய் வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வரும் மகள் என்று பேசினார். பேச்சு மனசைத் தொட்டது. ஆனால் வலையை அறுத்தவருக்கு மாநில அரசு இழப்பீடும் கொடுத்தது, அதனால்தான் நிலைத்தது. நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் அங்கே விடுதலை ஆகியிருக்கின்றன. வேளாவுக்கும் பெரிய உழுவைக்கும் இதே முறை நம் கரையில் வர வேண்டும்.

பழி யார் மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போகிறவர் சுறா பிடித்தது தலைமுறை தலைமுறையாக நடந்தது. அடித்தரையை வழித்து வரும் இழுவை மடியும் துடுப்பு வியாபாரமும் சேர்ந்த பிறகுதான் கணக்கு கவிழ்ந்தது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அந்த ஒன்றை ஒழுங்காக அமல்படுத்தினாலே குட்டிகள் வளரும் கரையோரத்துக்குப் பாதி நிம்மதி.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, போதாதா?

உதவும், போதாது. தடை விசைப்படகுக்குத்தான். ஓராண்டு கரு சுமக்கும் மீனுக்கு இரண்டு மாதக் காவல் போதாது என்பது கூட்டிப் பார்த்தாலே தெரியும்.

தாமிரபரணியில் சுறா ஏறி வருமா?

பெரும்பாலான சுறாக்கள் நன்னீரைத் தாங்காது. காளைச் சுறா என்ற இனமும் பெரும்பல் வேளாவும் ஆற்றுக்குள் வெகுதூரம் போகக் கூடியவை. வேளாக் குட்டிகள் முதல் சில ஆண்டுகள் ஆற்றிலும் முகத்துவாரத்திலும் வளர்கின்றன. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் அலையாத்திக் காடும் சேற்றுத் தரையும் உண்டு. ஆனால் ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில். அதற்குக் கீழே வெள்ளக் காலம் தவிர எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை ஏரலில் போய்ப் பார்த்தாலே தெரியும். கடலில் கலக்கும் தண்ணீர் வீண் என்று மேடையில் பேசுகிறவர்கள் முகத்துவாரத்து மீன் எதில் வளர்கிறது என்றும் யோசிக்கலாம்.

புதுச்சேரிச் சுறா இன்னும் உயிரோடு இருக்குமா? பார்த்தால் யாரிடம் சொல்வது?

ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் மட்டுமே வளரும் சுறா அது. 1839இல் புதுச்சேரியிலிருந்து போன மாதிரிகளை வைத்து அறிவியலாளர்கள் பெயர் சூட்டினார்கள். உலகத்து அருங்காட்சியகங்களில் இருப்பது சுமார் இருபது உடல்கள். கடைசியாக உறுதியாகப் பதிவானது 1979இல், இந்தியாவில். அதன் பிறகு தேடியும் உறுதியான தடயம் இல்லை, ஆனால் அழிந்துவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஜாவாவில் ஒரு திருக்கைக்கு அந்த அறிவிப்பு 2023இல் வந்துவிட்டது. அந்த இனத்துக்கு இருந்த ஒரே சாட்சி, 1862இல் ஜகார்த்தா மீன் சந்தையில் வாங்கிய ஒற்றை உடல்.

துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்கள் நம் கரையில் பல இனம் உண்டு என்பதால் பார்த்த மாத்திரத்தில் புதுச்சேரிச் சுறா என்று முடிவுகட்ட வழியில்லை. தலையை மேலிருந்தும் அடியிலிருந்தும், முழு உடலைப் பக்கவாட்டிலிருந்தும், வாயைத் திறந்து மேல் கீழ்ப் பற்களையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோலோ செருப்போ ஏதாவது வையுங்கள். எந்தத் துறையில் இறங்கியது, எந்த வலை, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம் என்று படகுக்கார அண்ணாச்சியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. மீன் ஏலம் போய்த் துண்டாவதற்குள் இரண்டில் ஒன்றுக்குப் போன் போட்டுவிடுங்கள். உயிரோடு இருந்தால் படம் எடுக்கக் கூட நிற்காமல் கடலில் விடுங்கள்.